நெற்குவியலில் போய் நின்ற மொரிஸ் மைனர்

ரோட்டில் நெல் காயப்போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நிறுத்தி ஏசிவிட்டுத்தான் போவேன்.

போன போகத்தில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் வாங்கினேன். பல வருடம் ஓடாமல் கிடந்தது. எஞ்சின் உயிர் பெற்றதும் பெயிண்ட் அடித்தேன், சீட் தைத்தேன், ஹோர்னைக்கூட மாற்றினேன். பிரேக்கை மட்டும் பார்க்கவில்லை. மடையன் வேலை.

மனைவியை ஏற்றிக்கொண்டு கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் புறப்பட்டேன். வழியில் முன்னால் போன உழவு இயந்திரம் திடீரென்று நின்றது.

“பிரேக்கப் புடிங்க!” என்று மனைவி கத்தினாள்.

“புடிச்சிட்டுத்தான் இரிக்கன், அது புடிக்குதில்ல!”

ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ரோட்டோரம் காயவைத்துக் குவித்திருந்த நெல்லுக்குள் கார் புதைந்து நின்றது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை.

நெல்லுக்காரர் ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“காக்கா, முந்தாநாள் இந்த நெல்ல அள்ளச் சொல்லி ஏசின ஆள் நீங்கதானே?”

“ஓம், இவருதான்” என்றாள் மனைவி.

அஸர் தொழுகை நேரம் வரை இருவரும் குந்தியிருந்து, சிதறிய நெல்லைக் கூட்டிக் கல் பொறுக்கிக் கொடுத்தோம்.

பழைய கார் வாங்குகிறவர்களே, பெயிண்ட் பிறகு அடிக்கலாம். முதலில் பிரேக்கைக் கழற்றிப் பாருங்கள். நான் இப்போது தெருமுனைக்குப் போவதென்றாலும் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுகிறேன். ரோட்டில் நெல் காய்ந்தால் ஏசுவதில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறேன்.