கேட்டுக் கேட்டு நடந்த சந்து

டங்... டங்... உள்ளறையில் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் டம்ளர் மோதியது. கணவர் காஸ்பர் கூப்பிடுகிறார். பக்கவாதம் அவருடைய பேச்சைப் பறித்துக்கொண்ட பிறகு, அந்த டம்ளர்தான் அவருக்கு வாய்.

"தோ வரேங்க!" என்று குரல் கொடுத்தாளே தவிர, ராயம்மாள் எழவில்லை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் வக்கீல் விமல்ராஜ் உட்கார்ந்திருந்தார். வழக்கு அப்பீலிலும் தோற்றுவிட்டது என்று சற்று முன்புதான் சொல்லி முடித்திருந்தார்.

"இனிமே ஐகோர்ட்டுதானே தம்பி?"

"போலாம்மா. ஆனா அங்க போயி நடந்தத முதல்லேருந்து சொல்ல முடியாது. யார் பொய் சொன்னா, யார் நெசம் சொன்னா, அதெல்லாம் இங்கியே முடிஞ்சிபோச்சு. சட்டத்துல ஒரு பெரிய கேள்வி இருந்தாத்தான் உள்ளயே வுடுவாங்க."

"எம் புருஷன் எந்த வழியா வெளிய வருவாருன்றது பெரிய கேள்வி இல்லியா தம்பி?"

விமல்ராஜ் ஐகோர்ட்டுக்கான வக்காலத்துத் தாளை எடுத்து அவள் முன் வைத்தார். பாவம், அவர் மட்டும் என்ன செய்வார்!

செஞ்சியில் பாறையை ஒட்டி நிற்கும் வீடு அது. முன்வாசலில் பாறையிலேயே வெட்டிய செங்குத்துப் படிகள். வேர்க்கடலை ஏலம் போகும் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை சுமந்த காலத்தில் காஸ்பர் அந்தப் படிகளில் துள்ளி ஏறுவார். இன்று அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப்போகப் பின்பக்கத்துச் சந்துதான் கதி. அந்தச் சந்து பக்கத்து வீட்டு வீராசாமியின் பட்டாவில் இருக்கிறது. அவர் மகனுக்குப் புது வீடு கட்ட மதில் எழுப்பப் போகிறார். அந்த வழியில் தனக்கும் உரிமை உண்டு என்றுதான் ராயம்மாள் கேஸ் போட்டிருந்தாள்.

ராயம்மாள் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தச் சந்தில் நடந்தவள். விடிந்ததும் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பை மூட்ட அவ்வழியேதான் ஓடுவாள். மாதா சப்பரம் அதில் வரும். வீராசாமி வீட்டுக்காரர்கள் நின்று கும்பிடுவார்கள். அமாவாசைக்கு மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் அவர்கள் வீட்டுக் கரகம் வரும். இவள் தண்ணீர் தெளித்து வைப்பாள். யார் போனாலும், "வரலாமா?" என்று ஒரு குரல் கொடுப்பது அந்தத் தெரு மரியாதை.

அந்த மரியாதைதான் அவளைக் கவிழ்த்தது.

கூண்டில் நின்றபோது எதிர்த்தரப்பு வக்கீல் இதமாகத்தான் கேட்டார்: "அந்த வழியா போறப்ப அவங்களக் கேப்பீங்களாம்மா?"

ராயம்மாளுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "கேக்காம என்னிக்குமே போனதில்ல சாமி! அப்படியா எங்கள வளத்தாங்க?"

கேட்டுப் போனால் அது தயவு. கேட்காமல் போயிருந்தால்தான் உரிமை என்று தீர்ப்பு வந்தது. முன்பக்கம் படி இருக்கும்போது, இந்த வழி இல்லாமல் முடியாது என்றும் சொல்ல முடியாதாம். ஒழுங்காக வாழ்ந்ததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று அன்று கோர்ட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து அழுதாள். இன்று அழக்கூடத் தெம்பில்லை.

"வேற வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்குதும்மா. புது வீடு கட்றவங்க பக்கத்துல கொஞ்சம் இடம் வுட்டுத்தான் கட்டணும். வீட்டு பிளான்லயே அந்த எடத்த உங்க பக்கமா வுட்டு, மதில உள்ள தள்ளிப் போட்டா, நாற்காலி போயிடும். ஊருக்கு பிளான் போடறவங்க ரோட்டோட அகலத்தப் பாப்பாங்க. ஒரு வீடும் இன்னொரு வீடும் எப்படிப் பொழைக்கும்னு பாக்க மாட்டாங்க. அத நீங்களேதான் பேசிக்கணும். வீராசாமி மனசு வெச்சா உண்டு."

"அப்படின்னா... மறுபடியும் கேக்கணும்."

"ஆமாம்மா."

ராயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையை விடக் கொடுமையான சிரிப்பு. "கேட்டதுக்குத்தானே தம்பி தோத்தேன்!"

உள்ளே மறுபடியும் டங்... டங்... ஐகோர்ட்டுக்கான வக்காலத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை. தாளை வக்கீலிடமே நீட்டினாள். அவரும் வற்புறுத்தாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பின்கதவைத் திறந்தாள். சந்தின் குறுக்கே கட்டிய கொடியில் வீராசாமியின் மனைவி வளர்மதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேஸ் போட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனாலும் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"வளர்மதி, வக்கீல் தம்பி போறாரு. வரலாமா?"

வளர்மதியின் கை கொடியிலேயே நின்றது. "போவட்டும்க்கா. ஜெயிச்ச நாங்க வழிய மறிப்பமா?"

குத்தல்தான். விழுங்கிக்கொண்டாள். "மதில கொஞ்சம் உள்ள தள்ளிப் போடச் சொல்றியா? அவரு நாற்காலி போற அளவுக்கு. கேஸுக்காக இல்ல. கேக்கறேன், அவ்ளோதான்."

வளர்மதி கொடியில் இருந்த ஈரப் புடவையை இன்னொரு முறை பிழிந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"கோர்ட்டுக்கு இஸ்த்துட்டியேன்னு கத்துவாரு. சோறு போடறப்ப கேட்டுப் பாக்கறேன். வுடுவாருன்னு சொல்ல மாட்டேன்க்கா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணன் சாப்ட்டாரா?" என்றாள்.

"இனிமேதான்."

விமல்ராஜ் புடவைகளுக்கு அடியில் குனிந்து சந்து வழியாகப் போனார். அவர் தெருமுனையில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, ராயம்மாள் கதவைச் சாத்தினாள்; காஸ்பருக்குச் சோறு போட உள்ளே போனாள்.