தங்கச்சியின் பெயரில் இருந்த வீடு

எங்கள் ஊரில் பொம்பிளைப் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். வீடு மகளுக்கு. மகன் கலியாணம் முடித்துப் பெண் வீட்டில் போய் இருந்துகொள்வான். எங்கள் வாப்பாவும் தங்கச்சி பள்ளிக்கூடம் போகுமுன்னே கடலடியில் வீட்டைக் கட்டி, உறுதிப் பத்திரத்தை அவள் பெயரில் முடித்துவிட்டார். சுனாமியில் வாப்பாவும் போனார், வீடும் போனது. மிஞ்சியது கிணற்றுக்கட்டும், உம்மா இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிய உறுதியும்தான்.

தகரக் கொட்டிலில் இருந்து படித்துத்தான் அவள் உயர்தரப் பரீட்சை எழுதினாள். அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி வந்தது, பல்கலைக்கழகம் நிச்சயம். படிப்புச் செலவுக்கு வழியில்லை. கொழும்பிலிருந்து ஒரு புலமைப்பரிசில்காரர் வந்தார். புள்ளியும் வேண்டும், வறுமையும் வேண்டும் என்றார். எங்களிடம் இரண்டும் தாராளம்.

நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். அவளுடைய பெயரில் சொத்து ஏதும் உண்டா என்று அந்த மனிதர் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"ஓம் சேர், ஊட்டு உறுதி இரிக்கி. ஊடு கடலுக்குப் பெய்த்து."

முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். நான் குறுக்கிட்டு, அந்தக் காணியில் கடலுக்குக் கிட்ட என்று சொல்லி அரசாங்கம் ஒரு கம்பு நடவும் விடுவதில்லை என்றேன்.

"அது வேற திணைக்களம், தம்பி" என்றார்.

பரிசில் எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவனுக்குப் போனது. புள்ளி தங்கச்சியைவிடக் குறைவு. தகப்பனுக்கு அரிசி ஆலை. ஆனால் பொடியன் பெயரில் ஒரு செங்கல்கூட இல்லை. எப்படி இருக்கும்? வீடெல்லாம் அவனுடன் கூடப் பிறந்த ராத்தாமாருக்கு! அந்தக் கணக்குப்படி எங்கள் ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் பிச்சைக்காரர். குமருப் பிள்ளைகள் எல்லாரும் காணிபூமியுள்ள போடிமார். குதிரை கீழே தள்ளியதும் காணாதென்று குழியும் பறித்ததாம் என்று உம்மா சொல்லிச் சொல்லி அழுதார்.

தங்கச்சி விடவில்லை. பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்து, அரை வயிற்றோடு படித்தாள். யுத்தம் முடிந்த பிறகு பட்டத்தோடு வந்தாள்.

அப்போது ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வெற்றிலையை மென்றபடி, படிப்பை வாயாரப் புகழ்ந்துவிட்டுக் கேட்டார்:

"புள்ளைக்கு ஊடு இரிக்கா?"

உம்மா வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் இன்னும் கிட்டத் தள்ளி வைத்தார். உள்ளே தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த தங்கச்சியின் குரல் வந்தது.

"கொழும்புல கேட்டுப் பாருங்க மாமி. அங்க நான் பெரிய சொத்துக்காரி."