பால் காய்ச்சக் கொடுத்த சாவி

மஹய்யாவ ஊரில் உள்ள எங்கள் வீட்டை விற்றுத் தருவதாக வந்த தரகரே, நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள்.

வீட்டை வாங்க வந்தவர் பணத்தை அடுத்த மாதம்தான் தருவாராம். ஆனால் நல்ல நாள் தவறக் கூடாதென்று உடனே பால் காய்ச்ச வேண்டுமாம். நான் தயங்கினேன். "பால் காய்ச்சத்தானே அண்ணே கேக்குறாரு, நல்ல காரியத்துக்குச் சாவி இல்லேம்பீங்களா?" என்றீர்கள். கொடுத்தேன்.

மாலையில் போனால் முன்னறையில் அவர்களுடைய அலுமாரி நிற்கிறது. "குடி வந்தாச்சு, காசு மெதுவா வரும்" என்று அந்த மனிதர் சிரிக்கிறார். கூட வந்த என் தங்கை நேரே அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். "அப்ப நானும் இங்கதான். எனக்கும் சேத்து உலை வைங்க" என்றாள். அக்கம்பக்கத்தார் கூடிய பிறகே அலுமாரி வெளியே போனது, சாவியும் என் கைக்குத் திரும்பியது.

இப்போது வீடு பார்க்க வருபவர்களுக்கு நானே கதவைத் திறக்கிறேன். முழுப் பணமும் வரும்வரை சாவி என் இடுப்பில்தான்.

தரகரே, அவர்கள் குடியேறத்தான் வருகிறார்கள் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? இதே பத்திரிகையில் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.