ஏறின இடத்திலேயே

கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான கெலிஓயாவில் என்னை எச்சில் கையால் காக்கா விரட்டாதவன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கையை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். வெனிஸ் நகரத்தைப் பார்க்கப் போன அன்றும் சோற்றுப் பார்சலோடுதான் போனேன்.

மகள் இத்தாலியில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். என் மனைவி இறந்து ஒரு வருடமானதும், வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று என்னைக் கொஞ்ச நாளைக்கு அங்கே அழைத்திருந்தாள். என்னோடு வெனிஸுக்கு வர அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எல்லா இடத்திலும் நின்று போகும் மலிவான ரயிலில் காலையில் என்னை ஏற்றிவிட்டு, கையில் காசைத் திணித்தாள். "அம்மாவுக்காகவாவது போட்ல போய்ட்டு வாங்கப்பா" என்றாள்.

அப்படி அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் வெனிஸ் படம் போட்ட பழைய கலண்டர் தாளொன்றை மனைவி ஒட்டிவைத்திருந்தாள். வாசல்வரை தண்ணீர், அதில் ஒரு கறுப்புப் படகு. சேலை எடுக்கும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பாள். அங்கே போக வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் கண்டி வாவியில் ஓடும் போட்டைத்தான்.

"ஒரு தடவ போய்ட்டு வருவோமாங்க?"

"ஏறின எடத்துலயே எறக்கி விடுறதுக்குக் காசா?" என்பேன். அவள் சிரித்துவிட்டு, சாமான் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடப்பாள். டவுனுக்குப் போன நாளெல்லாம் இதே கேள்வி, இதே பதில்.

வெனிஸில் நடந்தே சுற்றினேன். பாலம் பாலமாக ஏறி இறங்கியதில் முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தால், காவல்காரர் வந்து அங்கே சாப்பிடக் கூடாதென்று எழுப்பிவிட்டார். சுவரோரமாக நின்றபடியே பருப்பையும் கருவாட்டையும் தின்று முடித்தேன். சுற்றிலும் ஜோடி ஜோடியாகப் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அழுகை வருமோ என்றுகூடப் பயந்தேன்.

கடைசியாக ஒரு படகுக்காரனிடம் போனேன். ஒருவர் ஏறினாலும் படகு முழுவதற்கும்தான் கூலி என்று விரல்களால் காட்டினான். சுற்றிவிட்டு எங்கே இறக்குவாய் என்று நானும் கையாலேயே கேட்டேன். நாங்கள் நின்ற இடத்தையே காட்டினான். காசைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன்.

வந்ததும் அந்தக் காசை அப்படியே மகளிடம் நீட்டினேன், கொஞ்சம் பெருமையோடுதான். ஏன் போகவில்லை என்று கேட்டாள். பழைய பதிலைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு போட்ல போறதா பெருசு? நீங்க அவங்க பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தா போதும்ப்பா."

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. கோபம் தணிய ஊருக்கு வந்து சேர வேண்டியிருந்தது.

வந்த மறுவாரம் கண்டி வாவிக்குப் போனேன். ஒரு ஆளுக்காகப் போட்டை எடுக்க முடியாது, ஆட்கள் சேரட்டும் என்று போட்காரர் சிங்களத்தில் சொன்னார். எல்லா ஸீட்டுக்கும் நானே தருகிறேன் என்றேன். பேரம் பேசவில்லை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு என்ஜினைக் கிளப்பினார்.

ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டிருந்தேன். வாவி நடுவிலிருக்கும் தீவு வந்தது, கரையிலிருக்கும் புத்தர் கோயிலின் சுவர் வந்தது, கரை மரங்கள் வந்தன. எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டார்.

அவளுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும்.