மயிலம்மாளின் ஈரல்

லாபு ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மயிலம்மாளோடு சண்டை போடாதவர்கள் இரண்டு வகைதான். ஒன்று, புதிதாக வந்திறங்கிய வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மற்றது, செத்துப்போனவர்கள். செத்தவர்களையும் அவர் முழுதாக விட்டுவிடவில்லை. கணவர் மணியம் சம்சுச் சாராயம் குடித்தே ஈரல் கெட்டு மாண்டவர். அவருடைய திதியன்று இலை போட்டுப் படைத்துவிட்டுப் படத்தை நிமிர்ந்து பார்த்து, "தின்னு. தண்ணி மட்டும் கேக்காத," என்பார் மயிலம்மாள்.

பால்மரம் வெட்டிய காலத்தில், எடையைக் குறைத்துச் சொன்ன மேற்பார்வை மண்டோரின் சட்டையில் ஒரு வாளிப் பாலைக் கவிழ்த்தவர் அவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கினார். பக்கத்து நிரையில் பொறுக்குபவள் ஒரு பழத்தைக் கூடுதலாக எடுத்துவிட்டால் அவள் பாட்டன் வரைக்கும் ஏச்சு விழும். இப்போது வேலையில்லை. அதனால் ஏச்செல்லாம் வீட்டுக்குள் இருந்த ஒரே ஆளுக்கு மிஞ்சியது.

அந்த ஆள் மருமகள் திலகா. செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மோட்டார் சைக்கிளில் போய்வருவாள். மகன் தர்மேந்திரன் லாரி ஓட்டிக்கொண்டு பெரும்பாலும் ஜொகூர்ப் பக்கமே கிடந்தான். வரிசையாய்க் கட்டிய லயத்து வீட்டில், ஏச்சு போக, இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பேசுவது குறைவு. சட்டி பானையை வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டார்கள்.

மயிலம்மாளுக்கு வெகு காலமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். மாத்திரையை நினைத்தால் போடுவார். கால் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியபோது திலகா கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஸ்கேன் பார்த்தார்கள். மறுமுறை போனபோது இளம் மலாய்ப் பெண் மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஹாத்தி ஆன்ட்டி சூடா கெராஸ்."

சூடா என்றால் 'ஆகிவிட்டது'. கெராஸ் என்றால் கெட்டி, இறுகியது. ஹாத்தி என்ற மலாய்ச் சொல்லுக்கு ஈரல் என்றும் பொருள், மனம் என்றும் பொருள். மருத்துவர் சொன்னது ஈரலை. மயிலம்மாள் காதில் விழுந்தது, 'உங்கள் மனசு கல்லாகிவிட்டது' என்பது. திலகாவின் காதில் இரண்டும் ஒன்றாக விழுந்தன. அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. மயிலம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கிளினிக் வாசலில் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்.

"வீட்டுக் கதையெல்லாம் டாக்டர்கிட்ட வந்து கொட்டினியா? என் மனசு கல்லுன்னு அந்தப் புள்ளைக்கு யாரு சொன்னது? காட்டிக்குடுத்தவளே!"

பஸ் ஏறித் தனியாகவே வீடு திரும்பினார். மாத்திரைகள் சாக்கடையில் போயின. அன்றிலிருந்து திலகாவுடன் ஒரு வார்த்தை இல்லை. திலகாவும் இறங்கிப் போகவில்லை.

மருத்துவர் சொல்லி முடிக்க முடியாமல் போனது இதுதான். நாம் தின்பது எதுவும் நேராக உடம்புக்குப் போவதில்லை. குடல் உறிஞ்சிய சத்தும் நஞ்சும் இரத்தத்தோடு முதலில் ஈரலுக்குள் போகின்றன. ஈரல் அதைச் சுத்தம் செய்த பிறகே இதயத்துக்கு அனுப்புகிறது. நல்ல ஈரல் மெத்தென்று இருக்கும், இரத்தம் நோகாமல் நுழைந்து வெளியேறும். வருடக்கணக்கில் புண்பட்டுத் தழும்பேறிய ஈரல் இறுகிவிடும். தோட்டத்துச் சாலைக்கு அடியில் போட்ட குழாய் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் பின்வாங்கிச் சின்னச் சின்ன வாய்க்கால்களில் ஏறிக் கரையை உடைக்கும் அல்லவா? இரத்தமும் அப்படித்தான். உணவுக்குழாயின் சுவரில் ஓடும் மெல்லிய இரத்தக்குழாய்களில் ஏறி அவற்றைப் புடைக்க வைக்கும். அவை வெடித்தால் வாய்வழியாக இரத்தம் கொட்டும், ஆள் பிழைப்பது கடினம். வயிற்றில் நீர் கசிந்து தேங்கும். சுத்தம் செய்யப்படாத நஞ்சு மூளைக்கு ஏறிப் புத்தியைக் குழப்பும். ஆகவே சிரம்பான் பெரிய மருத்துவமனைக்குப் போய்த் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், தாமதிக்கக் கூடாது.

சில வாரங்களில் மயிலம்மாளின் வயிறு முன்னே தள்ளியது. பகலெல்லாம் தூங்கினார். தேநீரில் உப்பைப் போட்டார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்த திலகாவைப் பார்த்து, "மணியம் இன்னும் சம்சு கடையிலதான் இருக்கானா?" என்று கேட்டார். திலகாவுக்குத் திட்டு பழக்கம். இது திட்டு இல்லை.

மறுநாள் காலை கிழவி கொஞ்சம் தெளிந்திருந்தார். திலகா அடுப்பங்கரையில் வழிமறித்து நின்றாள்.

"அத்தே, கிளினிக் போறோம்."

"உன் கூட்டாளிகிட்டயா? நீயே போய் இன்னொரு தரம் சிரிச்சிட்டு வா."

"டாக்டரு உங்க மனசப் பத்திப் பேசல."

"ஹாத்தின்னா மனசு இல்லாம மசுரா? எனக்கு மலாய் தெரியாதா? நீ பொறக்குறதுக்கு முன்னாடியே மலாய்க் கம்பத்துல வீடு வீடா வடை வித்தவ நான்."

"பாசார்ல கோழிக்காரன்கிட்ட ஹாத்தி ஆயாம் குடுன்னு கேட்டு வாங்குறீங்கல்ல? அவன் என்னாத்தப் பொட்டலம் கட்டுறான்? கோழியோட மனசையா?"

மயிலம்மாள் சட்டியை எடுத்து ஓங்கி வைத்தார்.

"ஈரலு," என்றார் கடைசியில்.

"அதேதான். உங்க ஈரல் கெட்டியாயிருச்சு. அத சொன்னதுக்குத்தான் அந்த ஆட்டம் ஆடுனீங்க."

"அன்னிக்கே சொல்றதுக்கு என்னாடி?"

"காட்டிக்குடுத்தவன்னு கத்துனீங்களே, சொல்ல விட்டீங்களா? கேட்டா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"அதுக்குள்ள நான் செத்திருந்தா?"

"கேட்டிருக்க மாட்டீங்க."

லயத்து வீட்டின் நடுச்சுவர் வெறும் பலகை. அடுத்த வீட்டுப் புனிதா பின்வாசல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஈரலா? மணியண்ணனுக்கும் ஈரல்தான போச்சு. என்னாக்கா, நீங்களுமா லா? ஒளிச்சு வச்சு ஊத்துறீங்களா?"

மயிலம்மாளின் முகம் கறுத்துவிட்டது. மண்டோரை எதிர்த்தவர், புனிதாவின் முகத்துக்கு நேரே பின்வாசலைச் சாத்தினார். சம்சு கடை வாசலில் சேற்றில் கிடந்த கணவரை இழுத்துவந்து கழுவியே அவருடைய இளமை போயிருந்தது. அந்தத் தோட்டத்தில் ஈரல் நோய் என்றாலே குடிநோய்தான். திலகாவிடம் திரும்பிச் சொன்னார்.

"கல்மனசுக்காரின்னா சொல்லிட்டுப் போறாங்க. குடிகாரின்னு பேரு வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன். சாவுறேன். போ."

திலகாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஊருக்குச் சேதி சொல்றது புனிதாக்காதான? அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போவோம். குடியா இல்லையான்னு டாக்டர் வாயாலயே அவங்க கேக்கட்டும். பயமா இருந்தா வேணாம்."

"யாருக்குடி பயம்?" என்றார் மயிலம்மாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்துப் பலகையில் ஓங்கித் தட்டினார். "ஏய் புனிதா! கெளம்பு!"

புனிதாவின் புருஷன் காரில் மூன்று பேரும் போனார்கள். கிளினிக்கில் அதே மருத்துவர்தான் இருந்தார். கூட வந்திருக்கும் பெண் யார் என்று கேட்டார்.

"சக்சி," என்றார் மயிலம்மாள். மலாயில் சாட்சிக்கு அதுதான் சொல்.

மருத்துவர் நிதானமாக விளக்கினார். குடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும், இப்போது நிறையப் பேருக்கு வருகிறது என்றார். திலகா வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

"குடியினால இல்லையாம். நல்லாக் கேட்டுக்குங்க புனிதாக்கா. பல வருசமா இனிப்புநீரக் கவனிக்காம விட்டதுல உள்ள கொழுப்பு சேர்ந்துருச்சாம். எல்லாம் கொழுப்பாலதான் வந்ததாம்."

"யாருக்குடி கொழுப்பு?"

"லெமாக், அத்தே. கோழித்தோல்ல இருக்குமே, அந்தக் கொழுப்பு. டாக்டரு சொல்றத அப்படியே சொல்றேன்."

"அப்படியே சொல்ற மூஞ்சியப் பாரு!"

புனிதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மருத்துவர் இன்னொரு முறை நாற்காலி தள்ளப்படுமோ என்று பயந்தாரோ என்னவோ, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் உள்ளங்கையைக் காட்டிப் பிடிக்கச் சொன்னார். மயிலம்மாள் நீட்டினார். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டில் தாழ்ந்தும் எழுந்தும் சிறகுபோல் அடித்துக்கொண்டன. ஈரல் சுத்தம் செய்யாத நஞ்சு மூளைக்கு ஏறியதன் அடையாளம் அது. இன்னும் விறைப்பாகப் பிடித்தார். அப்போதும் நிற்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத யாரையும் விட்டுவைக்காத அவர், தன் கைகளை வெறித்துப் பார்த்தார்.

"எப்பப் போவணும்?" என்று கேட்டார்.

அன்றே அனுப்பினார்கள். சிரம்பானில் குழாய் விட்டுப் பார்த்தபோது உணவுக்குழாயில் இரத்தக்குழாய்கள் வெடிக்கும் அளவுக்குப் புடைத்திருந்தன. ஒவ்வொன்றையும் சின்ன ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார்கள். பேச முடிந்ததும் மயிலம்மாள் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர் ரப்பர் என்பது. தாதிக்குத் தெரியவில்லை.

தழும்பேறிய ஈரல் மறுபடி மெத்தென்று ஆகாது. இனி மருந்தோடு அதைக் காவல் காக்கத்தான் முடியும். குடலிலேயே நஞ்சைக் கழுவி வெளியேற்ற ஒரு தித்திப்பு மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொல்லைப்புறம் போக வேண்டும். "என்னை நடக்க வச்சே கொல்லப் பாக்குறா," என்று திலகாவைத் திட்டியபடியே குடித்தார். உப்பில்லாத சோற்றைத் தட்டோடு இரண்டு முறை நகர்த்தி வைத்தார். திலகா இரண்டு முறையும் அதையே திருப்பி வைத்தாள்.

வீடு திரும்பிய வாரம், கடையிலிருந்து வந்த ஒருத்தி வாசலில் நின்று இழுத்தாள். "என்னாக்கா, ஈரலாமே..."

புனிதா பக்கத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மயிலம்மாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். லயத்தின் கடைசி வீட்டுக்கும் எட்டும் குரலில் கூவினார்.

"ஆமாடி, ஈரல்தான்! குடியில்ல, கொழுப்பு! எனக்கு உடம்பு பூராக் கொழுப்புன்னு டாக்டரே சொல்லிருச்சு! இல்லைன்னு சொல்றவ இருந்தா இங்க வா!"

இல்லையென்று சொல்ல அந்த லயத்தில் யாரும் முன்வரவில்லை.