கதவு அசையாமல் நின்ற நாள்

எங்கள் சமுதாயக் கூடத்தைக் கட்டியதைவிட அதற்குப் பெயர் வைப்பதற்குத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. கடைசியில் 'கதவு' பெயரை வைப்பதென்று தீர்மானித்தார்கள்.

கதவு, எங்கள் கால்பந்து அணியின் பழைய கோல்கீப்பர். அவரைத் தாண்டிப் பந்து போகாததால் வந்த பட்டம். நகரக் கோப்பையைத் தெருவுக்குக் கொண்டுவந்த விரல்களில் இரண்டு இன்னும் நிமிரவில்லை. இப்போது வீடுவீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறார். மாடியில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம், "ஏன் லேட்டு?" என்று கேட்பவர்களுக்கு வரலாறு தெரியாது.

பெயருக்கு அவரைவிட அவர் மனைவிதான் ஏங்கினார். காரணம், அவருடைய அண்ணன். "ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சும்மா நின்னவருக்கு என் தங்கச்சியக் குடுத்துட்டோம்" என்று எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்லிச் சிரிக்கும் மனிதர். விழாவன்று மனைவி அவரை இழுத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

விழாவில் ஒரு சிக்கல். திறந்துவைக்க வரும் நகராட்சித் தலைவர், கதவு நிற்கும் கோலை நோக்கி ஒரு பந்து உதைப்பார். அது கோலானதும் பெயர்ப்பலகையின் திரை விலகும். இந்த ஏற்பாடு கூடத்தின் செயலாளருடையது.

"அண்ணே, அசையவே கூடாது. தலைவர் மூஞ்சி சுண்டிப்போச்சுன்னா பேரு போச்சு. புரியுதா?" என்றார் செயலாளர் கதவிடம்.

"புரியுதுப்பா."

"தாவிராதீங்க!"

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டா?"

கதவு நடுவில் நின்றார். செயலாளர் திரைக்கயிற்றைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். மனைவி முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி, நாட்டின் எதிர்காலத்தையே உதைப்பவர்போல ஓடிவந்து உதைத்தார்.

அசையாமல் நிற்பவருக்கு இருபுறமும் அவ்வளவு இடம் கிடந்தது. பந்து நேராக அவர் நெஞ்சுக்கு வந்தது. கைகள் யாரையும் கேட்காமல் மூடிக்கொண்டன.

தலைவரின் முகம் கறுத்தது.

"அண்ணே, பின்னாடி ஒரு எட்டு வைங்க! பந்தோட கோட்டத் தாண்டுனா கோல்தான்!" செயலாளர் பல்லைக் கடித்தபடி சொன்னார்.

கதவு திரும்பிக் கோட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். செயலாளர் "வைங்கண்ணே, வைங்க" என்று கெஞ்சினார். கதவின் குதிகால் கொஞ்சம் எழும்பி, அதே இடத்தில் இறங்கியது.

தலைவர் காரேறிவிட்டார். திரை விலகவில்லை. கூடத்துக்கு இப்போது தலைவருடைய மாமனாரின் பெயர். அவர் விளையாடியது சீட்டு மட்டும்.

அன்று கூட்டம் கலைந்ததும் மனைவி கோல் கம்பத்துக்கு வந்தார். பின்னாலேயே அண்ணனும்.

"ஒரு எட்டுதானே மாப்ள, வெச்சா என்ன?" என்றார் அண்ணன்.

மனைவி சொன்னார்: "வெச்சா கோலாயிடும்ண்ணே. அதுகூடத் தெரியாமயா இத்தன வருஷம் பேசுன?"