அப்பா காத்திருந்த மாத்திரை

மருத்துவ பீடத்தில் சேர்வதற்கான வெட்டுப்புள்ளி எனக்குக் கிடைக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்து, உயிர் இரசாயனத்தில் மேற்பட்டமும் வாங்கிக்கொண்டு, புதிய மருந்துகளைத் தேடும் ஆய்வுகூடம் ஒன்றில் சேர்ந்தேன். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா திருதிருவென்று முழிப்பார். அப்பாவுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் இனிப்புக்கடை. லட்டு நிறுத்துக்கொண்டே, "பயப்படாம சாப்பிடுங்க, சீனி வருத்தத்துக்கு எங்க மக மருந்து கண்டுபிடிக்கிறா" என்பார். வியாபாரப் புத்தி எங்கே போகும்?

நாங்கள் ஒரு மரப்பட்டைச் சாற்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அதைக் கொடுத்த எலிகளுக்கு இரத்தத்தில் சீனி இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அப்பாவுக்கும் சீனி வருத்தம், நீரிழிவுதான். காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிக்கு மாறுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

"ஊசியெல்லாம் எதுக்கும்மா? ஒன் மருந்து வரட்டும். மொத மாத்திரை எனக்குத்தான்."

எலியைத் தாண்டி மனிதருக்கு வர வருடக்கணக்காகும், வராமலே போனாலும் போகும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். என் மகளுக்குத் தன்னடக்கம் என்று சிரித்தார்.

வரவில்லை. நீண்ட நாள் சாறு கொடுத்த எலிகளுக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. ஆய்வை மூடினார்கள். இந்தத் தொழிலில் இது சர்வசாதாரணம். கூட இருந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த சாற்றைத் தேடப் போய்விட்டார்கள். எனக்கோ கடைப்பக்கம் தலைகாட்டவே வெட்கம். ஆனால் அப்பாவின் புண் ஓரத்தில் கறுக்க ஆரம்பித்திருந்தது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் கால் போய்விடும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "அப்பா, அந்த மருந்து சரிவரல்ல. இனி வராது. நீங்க ஊசிதான் போடணும்."

அவர் ஒரு பெட்டிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

"முழுசாவே இல்லையாம்மா?"

"இல்லப்பா."

"சரி. நாளைக்கு கிளினிக் போறேன்."

அவ்வளவுதான். நாலு திட்டுத் திட்டியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். நான் கூனிக் குறுகிப்போனேன்.

அந்நேரம் பார்த்துக் கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், மஸ்கட் அல்வா வாங்க வந்து சேர்ந்தார். அவருக்கும் சீனி வருத்தம். "என்ன முதலாளி, மகள்ட மருந்து எப்ப வரும்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வேலை நடக்குது நானா. லேசுப்பட்ட வேலையா அது?" என்றார் அப்பா. எடை போடும்போதுகூடப் பொய் சொல்லாத மனிதர். "அதுவரைக்கும் கிளினிக் மருந்த விட்டுறாதீங்க. நானும் நாளைக்குப் போறேன், சேந்தே போவோம்."

நானா என் பக்கம் திரும்பினார். "நல்லாச் செய்ங்க மகள். நான் தொழும்போது துஆ செய்றேன்."

"சரி நானா" என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.